தம்பிக்கு வாசிச்சுக் காட்டுறதை ஏன் நிப்பாட்டினனான்?

“பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கிட்டுது, இனி அவனே வாசிக்கட்டும்.” எங்கட பக்கத்தில் பிள்ளைக்குக் கதை வாசிச்சுக் காட்டுகிற வேலை பெரும்பாலும் இந்த வசனத்தோடு முடிஞ்சுபோகும். அதுக்குப் பிறகு வாசிப்பு என்றால், பிள்ளை சத்தமாக வாசிக்கப் பெரியாக்கள் பக்கத்தில் இருந்து பிழை பிடிக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன்.

வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறது வெளிநாட்டுச் சனத்தின்ர கதை, அதில எங்களுக்கு என்ன என்று கேட்பீங்கள். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் படிப்பிக்கிற ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினபோது ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமாச்சு. நான் ஓ.எல். எழுதிப்போட்டுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தம்பி தரம் 2. வீட்டில் இருந்தது ஒரேயொரு ஃபோன். ஆக, அவனுக்கு ரீச்சர் நான்தான்.

ஒவ்வொரு இரவும் ‘டோட்டோசான்’ வாசிச்சுக் காட்டினேன். ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதி 1981இல் வந்த புத்தகம். ரயில் பெட்டிதான் வகுப்பறை என்றதும் தம்பிக்கு நித்திரை பறந்துவிடும். இரண்டு கிழமை போக எனக்கு ரீச்சர் புத்தி வந்திட்டுது. “இனி நீ வாசி” என்று புத்தகத்தை அவன் கையில் குடுத்தேன். அரைப் பக்கம் போவதற்குள் பத்துத் தரம் திருத்தினேன். அடுத்த நாள் இரவு அவன் புத்தகத்தை எடுத்து வரவில்லை. அதுக்கு அடுத்த நாளும் இல்லை.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கினது கம்பஸுக்கு வந்து மொழியியல் பாடம் படித்த பிறகுதான். அவன் “அவை வந்தவை” என்று கதைக்கிற பிள்ளை. புத்தகத்தில் இருப்பதோ “அவர்கள் வந்தனர்”. எழுத்து தெரியும், கூட்டவும் தெரியும், ஆனால் அந்தத் தமிழ் அவன்ர காதில் போதுமான அளவு விழவில்லை. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்து விளங்குதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியமென்றால் விடையும் பூச்சியம். முதலாவது திறனுக்குப் பிள்ளை தானே வாசிக்க வேண்டும். இரண்டாவது வளர யாராவது வாசிக்க அவன் கேட்க வேண்டும்.

எங்கட ஆக்களுக்கு இது புதினமே இல்லை. கோயிலில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். எழுத்து வாசனை இல்லாத கிழவிகளும் சூரபன்மன் கதையை ஒன்றும் விடாமல் சொன்னது அப்படிக் கேட்டுத்தான். (அதே சனம் வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் “சத்தமாப் படி, எனக்குக் கேக்கேல்ல” என்று சொல்லும். அது வேற கதை.)

தம்பியை மீட்டது நான் இல்லை, அம்மம்மா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு நாள் பின்னேரம் அவன் தன்ர பழைய தரம் 1 புத்தகத்தை எடுத்து அவவுக்கு வாசிச்சுக் காட்டிக்கொண்டிருந்தான். பிழையாகத்தான் வாசித்தான். அவவுக்கு அது பிழை என்று தெரியாது. “பிறகு?” என்று மட்டும் கேட்டா. அந்த “பிறகு?” என் பத்துத் திருத்தத்தையும்விடப் பெரிய வேலை செய்தது.

அதனால் பதினைந்து நிமிடம் நீங்கள் வாசியுங்கள், பதினைந்து நிமிடம் பிள்ளை வாசிக்கட்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பிரிக்கிறதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புத்தகத்தைப் பிரியுங்கோ. பிள்ளைக்கு எட்டாத புத்தகம் உங்களுடையது. அவனுக்கு லேசாக இருக்கிற, “இது சின்னப்பிள்ளையள்ற” என்று நீங்கள் நினைக்கிற புத்தகம் அவனுடையது. அதைத் திருத்தாதேங்கோ, கேள்வி கேக்காதேங்கோ. புலமைப்பரிசில் வகுப்பில் பந்தி வாசித்து விடை எழுதுகிற வேலை எப்படியும் அவனைத் தேடி வரும். எங்கட வீட்டிலும் வந்தது. தரம் 5 முழுக்க அவன் கதைப்புத்தகம் தொடவே இல்லை. வாசிச்சுக் காட்டாமல் விட்டது நான், அவனைக் குறை சொல்ல ஏலாது.

ஆனால் 2020இல் ‘டோட்டோசான்’ஐ முடித்தோம், நான் வாசிக்க அவன் கேட்க. கடைசியில் 1945இல் விமானக் குண்டில் அந்த ரயில் பள்ளிக்கூடம் எரிகிறது. தலைமை ஆசிரியர் எரிவதைப் பார்த்தபடியே அடுத்து எப்படிப் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார். தம்பி 2013இல் பிறந்தவன். “அக்கா, நீங்கள் சின்னப்பிள்ளையா இருக்கேக்க இஞ்சையும் இப்பிடியோ?” என்று கேட்டான். 2009இல் எனக்கு ஆறு வயது. நான் எழுத்துக்கூட்டிப் பழகினதே செட்டிகுளம் முகாமில். அதுவரை அதைப்பற்றி எங்கட வீட்டில் ஒருத்தரும் அவனோடு கதைத்ததில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்குக் கனநேரம் கதைத்தோம். அந்தப் பக்கத்தை அவன் தனிய வாசித்திருந்தால் அந்தக் கேள்வியை ஆரிட்டக் கேட்டிருப்பான்?

போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அதே புத்தகம் அவன்ர தலைமாட்டில் கிடந்தது. வாசிச்சுக் காட்டவோ என்று கேட்டேன். “வேண்டாம், நான் வாசிக்கிறன்” என்று சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.