தேசிய மொழி என்னும் பொய்யும் தேவிகுளம் தொழிலாளியும்

இந்திதான் இந்தியாவின் தேசிய மொழி என்று கூசாமல் பேசுவோர் இன்றும் இருக்கின்றனர். நமது அரசியல் சட்டத்தில் தேசிய மொழி என்று ஒன்று இல்லவே இல்லை. 343ஆவது பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது, அவ்வளவே. 2022இல் அமித் ஷா தலைமையிலான நாடாளுமன்ற அலுவல் மொழிக் குழு கல்வி நிறுவனங்களிலும் பணித் தேர்வுகளிலும் இந்தியை நுழைக்கப் பரிந்துரைத்தபோது தமிழ்நாடும் கேரளமும் எதிர்த்தன. சரியான எதிர்ப்பு. ஆனால் அது எந்தக் கொள்கையின் மீது நிற்கிறது? உன் மொழி வேண்டாம், என் மொழி வேண்டும் என்பதா? எந்த மொழியையும் எவர் மீதும் அரசு சுமத்தக் கூடாது என்பதா?

விடை தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கோ, பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்கோ சென்றால் போதும். 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. எல்லையைத் திருத்தி வரைவோம் என்று இன்று கிளம்புவது தொழிலாளியைத் தொழிலாளியிடமிருந்து பிரிக்கும் வேலை. அது நம் வழியல்ல. நாம் கேட்பது உரிமை.

அந்த உரிமை ஏட்டில் இருக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், அறிவிக்கப்பட்ட பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்கிறது. பதில் மலையாளத்தில் வருகிறது என்பதே எல்லையோர மக்களின் நெடுநாளைய முறையீடு. சாமானியர் மனு கிடக்கட்டும். 2021இல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ.ராஜா தமிழில் பதவியேற்றார். உறுதிமொழியின் தமிழ் வாசகத்தில் ஒரு பகுதி விடுபட்டிருந்ததால் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. சில வரித் தமிழைச் சரிபார்க்க ஆளில்லாத அரசு இயந்திரம், தோட்டத் தொழிலாளியின் பட்டா மனுவை எந்த மொழியில் படிக்கும்?

கட்டாய ஆட்சிமொழி தேவையா என்ற கேள்வியை லெனின் 1914 ஜனவரியில் எழுப்பினார். ருஷ்ய மொழியின் பெருமையை அவர் மறுக்கவில்லை. பிழைப்புக்குத் தேவைப்படுவோர் அதைத் தாமே கற்பர். தடியோங்கிக் கற்பிப்பது வெறுப்பையே வளர்க்கும் என்றார். மூணாற்றுத் தொழிலாளி கடைவீதியிலும் மருத்துவமனையிலும் மலையாளத்தைத் தானே கற்றுக்கொண்டார். மலையாளம் அவருக்கு எதிரியல்ல. ‘கட்டாயம்’ என்ற சொல்தான் எதிரி.

பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது இடதுசாரி அரசு. ஆங்கிலப் பள்ளிகளில் தாய்மொழி ஒதுக்கப்படுவதைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. எனினும், இடதுசாரிகள் செய்தால் திணிப்பாகாது என்று எண்ணுவோர் இலங்கையைப் பார்க்கட்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர்.டி சில்வா. 1972இல் அமைச்சராக அவரே உருவாக்கிய அரசியல் சட்டம் சிங்களத்தையே ஒரே ஆட்சிமொழியாக நிலைநிறுத்தியது. அதன் விலையைத் தமிழர் மட்டுமா கொடுத்தனர்? சிங்கள உழைப்பாளியும் கொடுத்தார்.

ஒன்றிய அரசிடம் நாம் கேட்பதை இங்கே கொடுப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்ட அலுவலகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்த எழுத்தர்களை நியமிக்க வேண்டும். விண்ணப்பப் படிவங்களைத் தமிழிலும் அச்சிட வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தமிழ் அறிந்த ஆசிரியர்களை அனுப்ப வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டமே இந்த உரிமையை வழங்கியது.