அறல் போன்ற கூந்தல்

முகத்துக்கேற்ற சிகையலங்காரம் என்றொரு பாடம் பொள்ளாச்சி அழகு நிலையங்கள் வரை வந்துவிட்டது. வட்ட முகமா, உச்சியில் முடியை உயர்த்த வேண்டும். நீண்ட முகமா, நெற்றியில் கற்றையைச் சரியவிட வேண்டும். சதுரமா, தாடையோரம் அலையாக விட வேண்டும். கூர்ந்து நோக்கினால் இத்தனை அறிவுரைக்கும் அடிப்படை ஒன்றே: எல்லா முகமும் நீள்வட்டமாகத் தோன்ற வேண்டும். ஏனைய முகங்கள் பிழைகள். முடி அவற்றை மறைக்கும் திரை.

சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலை 'ஐம்பால்' என்றனர். ஐவகையாக ஒப்பனை செய்யப்படுவது என்பது உரைமரபு தரும் விளக்கம். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பது ஒரு பட்டியல். இவை முகத்தின் குறைக்கு மருந்தாகச் சொல்லப்பட்டவை அல்ல. கூந்தல் கொள்ளக்கூடிய கோலங்கள். அக்கூந்தலுக்கு அவர்கள் கண்ட உவமைகளுள் ஒன்று அறல்: நீர் வடிந்த ஆற்றுமணலில் படியும் நெளிவரி.

பழமை குற்றமற்றது என்று வாதிடவில்லை. கரிய, நீண்ட, அடர்ந்த கூந்தலையே அவர்களும் விரும்பிப் பாடினர். ஆனால் நெளிவு அவர்களுக்கு அழகு. எங்கள் கல்லூரியிலோ, சுருள்முடி கொண்ட மாணவியர் நேர்முகத் தேர்வுக்கு முன் பணம் கொடுத்து அதை நேராக்கிக்கொண்டு வருகிறார்கள். வேதிப்பொருள் முடியின் பிணைப்புகளை உடைத்துத்தான் அதை நேராக்குகிறது. வேரிலிருந்து புதிதாக வளர்வது மீண்டும் சுருளாகவே வருகிறது.

முகத்தை அளப்பதை விட்டு முடியின் இயல்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆழியாற்றின் மணல்வரியை யாரும் தேய்த்து நேராக்குவதில்லை.