திறன்பேசி வந்துவிட்டது, பிரெயில் கருவி இனி எதற்கு?

பார்வையற்றோருக்கென்று தனிக் கருவிகள் இனியும் தேவையா, திறன்பேசியே எல்லாவற்றையும் செய்துவிடுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். கணினித்துறை படிக்கும் என் நண்பர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கவனிக்காவிட்டால் பாதிக்கப்படப் போவது பார்வையற்ற மாணவர்களின் படிப்புதான் என்பது என் கருத்து.

முதலில் திறன்பேசியின் பக்கத்தைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ‘வாய்ஸ்ஓவர்’ வசதி அதற்குள்ளேயே இருந்தது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டுக்கு ‘டாக்பேக்’ வந்தது. அதற்கு முன்பு கைப்பேசிக்கான திரைவாசிப்பு மென்பொருளைப் பெரும்பாலும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

இன்று ‘சீயிங் ஏஐ’ போன்ற செயலி, கேமராவில் காட்டும் அச்செழுத்தை வாசித்துச் சொல்கிறது. ‘பி மை ஐஸ்’ செயலியில் ஒரு தொண்டூழியரைக் காணொளி வழி அழைத்து, “இந்தப் பால் எப்போது காலாவதியாகிறது?” என்று கேட்கலாம். பேருந்து எப்போது வரும், வகுப்பு எந்த அறையில், வாட்ஸ்அப் குழுவில் என்ன பேச்சு என எல்லாம் ஒரே கருவியில் கிடைக்கின்றன. நண்பர்கள் வைத்திருக்கும் அதே கைப்பேசியைத் தானும் வைத்திருப்பது பதின்ம வயதில் சின்ன விஷயமல்ல.

தனிக் கருவிகளிடம் குறைகளும் உண்டு. முதல் குறை விலை. பிரெயில் திரையில் ஒவ்வோர் எழுத்துக் கட்டத்துக்கும் எட்டு ஊசிகள் இருக்கும். 40 கட்டங்கள் கொண்ட கருவியில் 320 ஊசிகள். பெரும்பாலான கருவிகளில் ஒவ்வோர் ஊசியையும் மின்சாரத்தால் வளையும் ஒரு சிறு பட்டை மேலே தள்ளுகிறது. வாங்குவோரும் குறைவு என்பதால், விலை பல ஆயிரம் வெள்ளிக்குப் போய்விடுகிறது. மென்பொருளும் பின்தங்கிவிடுகிறது. 2016ல் வந்த ‘பிரெயில்நோட் டச்’ கருவி, 2013ல் வெளியான ஆண்ட்ராய்டு 4.4ல்தான் இயங்கியது.

அப்படியானால் கைப்பேசியே போதுமா? தமிழ் வகுப்பை நினைத்துப் பாருங்கள். நம்மில் பலர் தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கிறோம். பனி, பணி, மனம், மணம், அரை, அறை. இவற்றை எழுதும்போது பார்வையுள்ள நமக்கே தடுமாற்றம் வருகிறது. நாம் தப்பிப்பதற்குக் காரணம், அந்தச் சொற்களை ஆயிரம் முறை கண்ணால் பார்த்திருக்கிறோம். குரலை மட்டுமே கேட்டு வளரும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எழுத்தெழுத்தாக வாசிக்கும்படி கைப்பேசியிடம் கேட்கலாம்தான். ஆனால், ஒரு முழுக் கட்டுரையை அப்படிப் படித்து முடிக்க முடியுமா?

பிரெயிலில் இந்தக் குழப்பம் இல்லை. ஆறு புள்ளிகளில் இடப்பக்கம் உள்ள மூன்றும் எழுந்தால் ‘ல’. வலப்பக்கம் உள்ள மூன்றும் எழுந்தால் ‘ள’. விரலுக்கு வேறுபாடு உடனே தெரிகிறது. கணிதத்தில் ஒரு நீண்ட சமன்பாட்டைக் காதால் கேட்டு நினைவில் வைப்பதைவிட, விரலால் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது எளிது. குரல் தகவலைத் தருகிறது. எழுத்தறிவுக்குப் பிரெயில் வேண்டும்.

இதற்காக இரண்டில் ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. பிரெயில் திரையைப் புளூடூத் மூலம் திறன்பேசியுடன் இணைக்கலாம். கைப்பேசி இணையத்தையும் செயலிகளையும் பார்த்துக்கொள்ளும். பிரெயில் திரை விரலுக்கு எழுத்தைத் தரும். கைப்பேசி பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும். கைப்பேசியின் தொடுதிரையிலேயே பிரெயில் முறையில் தட்டச்சு செய்யும் வசதியும் இருக்கிறது.

எனவே, “எது சிறந்தது?” என்பதைவிட, “யாருக்கு, எந்த வேலைக்கு?” என்று கேட்பதே பயன் தரும். நடுத்தர வயதில் பார்வை இழந்த ஒருவருக்குப் பேசும் கைப்பேசியே முதல் தேவையாக இருக்கலாம். எழுதப் படிக்கக் கற்கும் வயதில் உள்ள பிள்ளைக்கு, கைப்பேசி மலிவு என்ற காரணத்தால் பிரெயிலை மறுக்கக் கூடாது. சிங்கப்பூரில் எஸ்ஜி எனேபல் அமைப்பு நிர்வகிக்கும் உதவித் தொழில்நுட்ப நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, கருவி விலையில் 90 விழுக்காடு வரை வழங்குகிறது. ஒருவருக்கு வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. வாங்கும் முன் பலவகை உதவிக் கருவிகளைப் பார்த்து அறிய, ரெட்ஹில் அருகே ‘எனேபலிங் வில்லேஜ்’ வளாகத்தில் ‘டெக் ஏபல்’ நிலையம் இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன், மாணவர் ஒரு நாளில் எதைப் படிக்கிறார், எதை எழுதுகிறார் என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும், நாம் அனுப்பும் கோப்பு படிக்கக்கூடியதாக இருந்தால்தான் அது பயன்படும். தமிழ்ப் பயிற்சித்தாளைப் படம் எடுத்து அனுப்பினால் திரைவாசிப்பு மென்பொருளால் அதைச் சரியாக வாசிக்க இயலாமல் போகலாம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் அர்த்தமில்லாத ஒலிகள்தான் கேட்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினால் குரலிலும் வரும், பிரெயிலிலும் வரும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் செயலி உருவாக்கும் மாணவர்கள், ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் கொடுக்க வேண்டும். பெயரில்லாத பொத்தான் எதற்கானது என்று டாக்பேக்கால் சரியாகச் சொல்ல இயலாமல் போகலாம்.

இந்த வாரம் உங்கள் கைப்பேசியில் வாய்ஸ்ஓவரையோ டாக்பேக்கையோ இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் கடைசியாக நண்பர்களுக்கு அனுப்பிய பாடக்குறிப்பைத் திறந்து பாருங்கள். அதை அணைப்பது எப்படி என்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். குறிப்பு வாசிக்கப்படாவிட்டால், அதைத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.