ஓரம் இல்லாத சாலை

திருவண்ணாமலைச் சாலை செஞ்சியைத் தாண்டியதும் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டையை ஊடுருவிக்கொண்டு போகிறது. இடப்பக்கம் எண்ணூறு அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாறை, வலப்பக்கம் அதற்குத் தம்பி போல இன்னொன்று. இரண்டையும் தொட்டு ஓடும் மதில். முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்த இடம் இது. தலைநிமிர்ந்து பார்க்க வேண்டிய இந்த இடத்தில் சைக்கிளில் போகும் நான் பார்ப்பது எதைத் தெரியுமா? ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் உள்ளங்கையளவு கண்ணாடியை. பின்னால் பஸ் வருகிறதா, லாரி வருகிறதா, எத்தனை அடியில் வருகிறது என்று. என் ஆதங்கம் முழுவதும் இந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது.

பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறேன். விடியற்காலை நாலரைக்கு விழுப்புரத்தில் கிளம்பினால், வெளிச்சம் வரும்போது பனை வரிசைகளும் ஏரிக்கரைகளும் கழிந்து குன்றுகள் தொடங்கிவிடும். இங்கே கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது. சாலை குன்றுகளுக்கு இடையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் போகும். காரில் இருப்பவருக்கு அது சமதரை. மிதிக்கிற காலுக்குத்தான் ஒவ்வொரு ஏற்றமும் தெரியும். உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குன்றுகளில் வெயில் மெல்ல இறங்குவதைப் பார்ப்பதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்.

சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம் இது. செஞ்சிக் கோட்டை பெரிய சாலையிலேயே இருக்கிறது. மற்றவையெல்லாம் கிளைச் சாலைகளில், ஊர்களுக்குள், வயல்களுக்கு நடுவே. செஞ்சிச் சாலையிலிருந்து பிரிந்து போனால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் சொல்லியிருக்கும் குடைவரை. அங்கிருந்து சிறிது தூரத்தில் அவனே குடைந்த தளவானூர். மேற்கே போனால் பனமலை. ஏரியைப் பார்த்தபடி குன்றின்மேல் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கோயில், அதன் சுவரில் குடையின் கீழ் ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் உமையின் ஓவியம். செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று. ஒரே பாறையில் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. அதைத் தாண்டினால் சிங்கவரத்தில் பாறையிலேயே பள்ளிகொண்ட அரங்கநாதர். கிழக்கே மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர்.

இவற்றுக்கு இடையே நினைத்த நேரத்துக்குப் பஸ் கிடைக்காது. காரில் வருகிறவர்கள் ஒன்றைப் பார்த்து அடுத்ததற்குப் பறந்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் ஏரி மதகும், ஆலமரத்தடி ஐயனாரும், தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்து மிதிக்க மிதிக்க மலையாக வளரும் கோட்டையும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நடந்து வந்தவர்களும் மாட்டு வண்டியில் வந்தவர்களும் கண்ட நிலம் அது. இன்றைக்கு அதே வேகத்தில் அதைக் காண்பதற்கு மிச்சமிருக்கிற ஒரே வண்டி சைக்கிள்தான். அந்த வண்டிக்குத்தான் சாலையில் இடமில்லை.

போன தை மாதம் விழுந்தேன். பின்னாலிருந்து ஒரு பஸ் ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. எதிரிலும் ஒரு லாரி. ஒதுங்குவதைத் தவிர வழியில்லை. ஒதுங்கினேன். தார் முடியும் இடத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரற்கடைக்கு மேல் பள்ளம். முன்சக்கரம் அதில் இறங்கித் திரும்ப ஏறவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. பஸ் நிற்கவில்லை. சாலையோரம் உளுந்துச் செடியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் ஓடி வந்தார். "வா சாமி, நெழல்ல குந்து" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "இந்த எடத்துல போன மாசம் பால்காரரு உழுந்தாரு, அதுக்கு மின்ன பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணு உழுந்துச்சு" என்றார். என் கைவலியை விட அந்தச் சொல்தான் இன்றும் வலிக்கிறது. அந்தப் பள்ளம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூடத்தான் யாருமில்லை.

இந்தப் பள்ளம் எப்படி வருகிறது என்பதை யாரும் ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய தாரின்மேல் புதிய தார், அதன்மேல் இன்னொரு தார் என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். நடுச்சாலை உயர்கிறது. பக்கத்து மண்ணை யாரும் உயர்த்துவதில்லை. மழை அரித்து அது இன்னும் தாழ்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அந்த வேலையைச் செய்து, ஓரத்தில் கிராவல் கொட்டி உருளை ஓட்டினால் முடிந்தது. காருக்கு அந்த விளிம்பு ஒரு பொருட்டே இல்லை. சைக்கிளுக்கு அது ஒரு சுவர்.

வேகத்தடைகளையும் சொல்ல வேண்டும். பொதுப் போக்குவரத்துக்கான வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல எழும்பி இறங்க வேண்டும், கறுப்பு வெள்ளைப் பட்டை தீட்ட வேண்டும், 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி சொன்னது. நான் கடக்கும் கிளைச் சாலைகளில் இருப்பவை ஒரு முழ அகலத்தில் கட்டை போல நிமிர்ந்தவை. பட்டையும் இல்லை, பலகையும் இல்லை. விடியலின் அரைவெளிச்சத்தில் இறக்கத்தில் வரும்போது அவை கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஊருக்குள் பிள்ளைகள் அடிபடக் கூடாது என்றுதான் ஊரார் கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பிள்ளைகளைக் காக்கப் போட்ட தடையில் சைக்கிளில் வரும் பிள்ளையே விழுகிறதே, அதை யார் பார்ப்பது?

நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் காயும் காலத்தில் சாலையின் ஒரு பாதி களமாகிவிடும். விளக்கில்லாத பொழுதில் குவியலைச் சுற்றிக் கல் வரிசை வைத்திருப்பார்கள். அதில் மோதி விழுந்தவர்கள் உண்டு. ஆனாலும் விவசாயிமேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஊருக்கு ஒரு நல்ல உலர்களம் இருந்தால் எவர் தன் விளைச்சலை லாரிச் சக்கரத்துக்கடியில் கொட்டுவார்? களம் கட்டித் தராதது ஒரு குறை. அந்தக் குறை சாலையோரத்தில் வந்து கிடக்கிறது. அதனால் காயப்படுவது சைக்கிள்காரர்.

பல சுர ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் நாள் முழுக்க அவை காதைக் கிழிக்கின்றன. இரவும் விடியலும் எதிர்வரும் வண்டி ஹை பீமைத் தாழ்த்துவதில்லை. சைக்கிளில் வருபவன் ஓர் ஆள் என்றே அந்த ஓட்டுநர் மனதில் பதிவதில்லை. பார்த்தால்தானே விளக்கைத் தாழ்த்துவார்?

இத்தனையும் கடந்து போய்ச் சேர்ந்தாலும் வாசலில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். பிரிவுச் சாலையில் குடைவரைக்கு வழிகாட்டும் பலகை கல்யாணச் சுவரொட்டிக்கு அடியில் கிடக்கும். ஒரு நினைவுச்சின்னத்தின் வாசலில் கார் நிறுத்த இடம் இருந்தது, பைக் நிறுத்த இடம் இருந்தது. சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்ட ஒரு இரும்புக் கம்பி இல்லை. வேப்பமரத்தில் சாய்த்தேன். "இங்க வைக்கக் கூடாது சார், வெளியே கொண்டு போங்க" என்றார் காவலுக்கு இருந்தவர். எங்கே வைப்பது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவர்மேல் தவறில்லை. சைக்கிளில் ஒருவர் வருவார் என்று அந்த இடத்தை அமைத்தவர்கள் நினைத்திருக்கவே இல்லை. குடிநீர்க் குழாயும் அப்படித்தான். அறுபது கிலோமீட்டர் மிதித்து வந்தவர் பாட்டில் தண்ணீருக்குக் கடை தேடி அலைய வேண்டும்.

பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை மட்டும் பார்க்கிறவர்களின் கேள்வி அது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அதே சாலையில் நின்று பாருங்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. நாட்டிலேயே பேர்போன நல்ல திட்டம் அது. அந்தச் சைக்கிளில் இரட்டைச் சடையும் முதுகுப்பையுமாக, இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டு பெண்பிள்ளைகள் போகிறார்கள். பின்னால் ஹாரன் கேட்டதும் பேச்சு அறுந்து, ஒருவர்பின் ஒருவராக அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறார்கள். இருபுறமும் கேன் தொங்கப் பால்காரர் போகிறார். மண்வெட்டியைக் கேரியரில் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். எனக்கு அந்தச் சாலை வாரத்தில் ஒரு நாள். அவர்களுக்கு ஆறு நாள். சைக்கிளைக் கையில் கொடுத்த அரசு, அது ஓட ஒரு முழ ஓரத்தையும் கொடுத்தால்தானே கொடுத்தது முழுமையாகும்?

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், நம்மூரில் இது ஒன்றுதான். செய்தி வந்த அன்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றிய, 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் பிடித்த கோட்டைக்கு உலகம் இப்போதுதான் மரியாதை செய்கிறது. இனி இங்கே கூட்டம் வரும், அதற்காகச் சாலையை அகலப்படுத்துவார்கள். அகலப்படுத்துவது என்றால் காருக்கு இன்னும் இரண்டு தடம் என்று மட்டுமே பொருள் கொண்டுவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

கோடிகளில் பாதை கட்டச் சொல்லவில்லை. தாருக்கும் மண்ணுக்கும் மட்டம் ஒன்றாக இருக்கட்டும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை மீட்டர் ஓரம் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் என்று விடப்படட்டும். வேகத்தடை விதிப்படி இருக்கட்டும், பட்டை தீட்டப்படட்டும். மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் பனமலையிலும் திருநாதர்குன்றிலும் ஒரு குழாயும், பூட்ட நாலு கம்பியும், ஒரு வழிகாட்டிப் பலகையும் இருக்கட்டும். ஓட்டுநர்களிடம் ஒன்று கேட்கிறேன். முன்னால் சைக்கிள் தெரிந்தால் ஹாரனுக்குப் பதிலாக பிரேக்கில் கால் வையுங்கள். அரை நிமிடத்தில் உங்களுக்கு வழி கிடைத்துவிடும். பள்ளிக்குப் போகும் அந்தப் பிள்ளை வீடு திரும்ப அந்த அரை நிமிடம் போதும்.