முன்குறியில் கண்



இம்மாதம் துவக்கைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல்லைக் கண்டதுமே பக்கத்தைப் புரட்டிவிட நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கொண்டச்சியில் ஒரு தாய் கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பக்கம்.

அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றதைக் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். ஒன்று 10 மீற்றர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தனியாக, மற்றது சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணியில். அன்றிலிருந்து தானும் அதைப் பழகவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். தாய்க்குப் பொறுக்கவில்லை.

“மிஸ், துவக்கக் காட்டித்தான் எங்கள இந்த ஊர விட்டு அனுப்பினாங்க. எனக்கு அப்ப பத்து வயசு. என்ட புள்ள அதக் கையில எடுக்கிறதா?”

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பகுதிக் குடும்பங்களும் உடுத்த உடுப்போடு புத்தளம் போனவை. 2009க்குப் பின்புதான் பலர் திரும்பினார்கள். காடு மூடிய காணிகளைத் துப்புரவாக்கிக் குடியேறிய அந்தத் தலைமுறைப் பெண்ணிடம் “இது வெறும் விளையாட்டு” என்று சொல்லிவிட்டு எழும்பி வர என்னால் முடியாது. ஆகவே பிள்ளை எதைப் பழக ஆசைப்படுகிறாள் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

இந்தப் போட்டியில் துவக்கை ஒரு கையால் மட்டுமே பிடிக்கலாம். மற்றக் கை சும்மா இருக்கவேண்டும். வெடிமருந்து இல்லை. அழுத்திய காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. செல் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்காக இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: எழும் ஓசை சிறியது. இலக்கு, காகித அளவில் ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவில் பத்துப் புள்ளிக்குரிய வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர்தான். 75 நிமிடத்தில் 60 முறை சுடவேண்டும்.

துவக்கின் நுனியில் ஒரு சிறு முளை நிற்கும். அது முன்குறி. கைப்பக்கம் ஒரு சதுர வெட்டு இருக்கும். அது பின்குறி. வெட்டின் நடுவே முளை நிற்கவேண்டும். முளையின் தலையும் வெட்டின் இரு தோள்களும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். முளைக்கு இரு பக்கமும் தெரியும் வெளிச்சம் சமமாக இருக்கவேண்டும். நம் கரையோரச் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. கடலில் ஓரிடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையில் தெரியும் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் தெரியும் பள்ளிவாசல் மினாராவையும் நேராக்கிப் பார்த்த தகப்பன்மாரின் கதையை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்! இரண்டும் பிரிந்து தெரிந்தால் வள்ளம் விலகிவிட்டது. இங்கேயும் அதே கணக்குத்தான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கை ஆடித் துவக்கு முழுவதுமாக ஒரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் மணிக்கட்டு மடங்கி முன்குறி மட்டும் ஒரு மில்லிமீற்றர் விலகினால் கதை வேறு. இரண்டு குறிகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ ஓர் அடி. இலக்கோ 10 மீற்றர் தூரம். அங்கே போய்ச் சேரும்போது குண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவுக்கு விலகிவிடும். பத்துப் புள்ளி ஏழாகிவிடும். கை ஆடாமல் நிற்கக்கூடியவர் உலகத்தில் ஒருவரும் இல்லை, மனு பாக்கரின் கையும் ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்தப் போராடாமல் குறிகளின் நேரைக் காப்பதே பயிற்சி.

கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் கூராகப் பார்க்க முயல்பவர் ஒன்றையும் பார்க்கமாட்டார். ஆகவே பார்வையை முன்குறியில் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முளையின் விளிம்பு கத்தி வெட்டியதுபோலத் தெரியவேண்டும். கறுப்பு வட்டம் மங்கிய புகைபோல இருக்கட்டும்.

இதை அக்கூட்டத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கட்டாயத்தில் துவக்கு ஏந்தி, 2009க்குப் பின் புனர்வாழ்வு முடித்து வந்த ஒரு சகோதரி வாய் திறந்தார். அவரது அனுமதியோடு எழுதுகிறேன். “எங்களுக்கும் இதைத்தான் சொல்லித் தந்தவை, மிஸ். முன்குறியைப் பார், ஆள் மங்கலாத்தான் தெரியும் எண்டு. பிறகு எனக்கு நித்திரையில வாறதும் அந்த மங்கல் முகம்தான்.”

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கொண்டச்சித் தாய்தான் எழுந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அந்தத் தாயின் பயம் அறியாமை அல்ல என்று அன்று எனக்கு இன்னும் உறுதியானது. ஆளைச் சுடும் வித்தையும் காகிதத்தைச் சுடும் வித்தையும் கண்ணைப் பொறுத்தவரை ஒன்றே. வேறுபடுவது துவக்குக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பதும், பின்னால் நின்று கட்டளையிடுபவர் யார் என்பதும்தான். இதை மறைத்துக்கொண்டு பெண்களுக்கு விளையாட்டை ஊக்குவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி விரைவாகக் குறி சேர்ப்பது. பெண்களுக்கான 25 மீற்றர் போட்டியின் இரண்டாம் பகுதியில் கையைத் தாழ்த்தி வைத்திருக்கவேண்டும். இலக்கு 3 விநாடிதான் தெரியும். அதற்குள் கையை உயர்த்தி ஒரு முறை சுடவேண்டும். பிறகு 7 விநாடி இடைவெளி. மூன்று விநாடிக்குள் குறியைத் தேட நேரமில்லை. ஆகவே கை உயரும்போதே குறிகள் நேராக வந்து சேரும்படி உடலைப் பழக்குகிறார்கள். பிடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். நின்றபடி கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பின் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும். துவக்கு வலப்புறம் காட்டினால் மணிக்கட்டைத் திருப்பக்கூடாது, பாதத்தை நகர்த்தவேண்டும். குண்டு இல்லாமல் வெற்றுச் சுவரை நோக்கி, முன்குறியை மட்டும் பார்த்தபடி விசையை மெல்ல நேர்பின்னாக அழுத்திப் பழகுவதில்தான் பயிற்சியின் பெரும்பகுதி கழிகிறது. நேரம் இருக்கும் போட்டியில் கண் களைத்தால் சுடாமல் கையை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். உற்றுப் பார்க்கப் பார்க்கக் குறி நேராகத் தெரிவதாகக் கண் ஏமாற்றும்.

நம் இரு கண்களில் ஒன்று முதன்மையானது. இரு கைகளாலும் சிறு முக்கோணம் அமைத்து, அதனூடாகத் தூரத்துப் பனை ஒன்றைப் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். பனை மறையாவிட்டால் திறந்திருக்கும் கண்ணே முதன்மைக் கண். சுடும்போது மற்றதை இறுக மூடினால் இதுவும் களைத்துவிடும். பாரிஸில் வெள்ளி வென்ற கொரியாவின் கிம் யேஜி, ஒரு சிறு குழந்தையின் தாய், ஒரு கண்ணுக்கு மறைப்பு வைத்திருந்தார். துருக்கியின் யூசுப் டிகெச் இரு கண்ணையும் திறந்துவைத்தே 51 வயதில் வெள்ளி வென்றார்.

வயதும் இதற்குத் தடையில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜோரி கிராமத்துச் சந்திரோ தோமர், பேத்திக்குத் துணையாகப் போன இடத்தில் 1999இல் அறுபது வயதைத் தாண்டித் துவக்கைத் தொட்டவர். 2021இல் கொரோனாவில் இறக்கும்வரை ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு முன்னோடியாக இருந்தார். காயப்பட்ட சகோதரிகளுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும்: சக்கர நாற்காலியில் இருக்கும் அவனி லெக்காரா, டோக்கியோவிலும் பாரிஸிலும் பராலிம்பிக் தங்கம் வென்றது 10 மீற்றர் காற்றழுத்த ரைபிளில்.

இலங்கையிலிருந்தும் தெஹானி எகொடவெல 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ரைபிள் சுட்டார். ஆனால் நம் நாட்டில் இந்தப் பயிற்சி பெரும்பாலும் முப்படைகளின் கழகங்களிலும் கொழும்பை அண்டிய சில பாடசாலைகளிலும்தான் கிடைக்கிறது. வடக்குப் பெண்பிள்ளை ஒருத்திக்கு அது சிறு விடயம் அல்ல. “வேண்டாம்” என்று சொல்லும் தாய்க்கு அந்த உரிமை உண்டு. பிள்ளைக்கும் காரணத்தைக் கேட்கும் உரிமை உண்டு. 1990இல் நடந்ததை அந்தத் தாய் மகளிடம் அதுவரை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. முதலில் அதைச் சொல்லுங்கள் என்றேன்.

அனுப்பலாம் என்று முடிவு செய்யும் தாய்மார், பதிவுத்தாளில் கையெழுத்து வைக்கும் முன் அந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, தாய் உடனிருக்க அனுமதி உண்டா, மாலையில் பிள்ளை எப்படி வீடு வரும், இலக்காக வைப்பது வட்டமா மனித உருவமா என்று கேளுங்கள். துவக்குகளையும் குண்டுகளையும் எந்த அறையில் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.