திறப்பு விழாவுக்கு மறுநாள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

பூங்கா என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்குப் பசும்புல்லும் பூஞ்செடியும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருபவை ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் ஒரு பித்தளைச் சாவியும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு இக்கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்திருந்த கோடையில், எங்கள் நகரின் பூங்காவுக்குச் சந்தா வசூலிக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. "பையன் வீட்டில் சும்மாதானே இருக்கிறான்" என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என் பெயரை முன்மொழிந்தவர் வேறு யாருமல்லர், என் தந்தையார்தான்.

அந்தப் பூங்காவின் வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன். மனை போட்டு விற்றவர் பூங்காவுக்கென ஓரிடத்தை ஒதுக்கி நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். தாராள மனத்தால் கொடுத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். சட்டம் கொடுக்கச் சொல்கிறது. இன்று நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படியும், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் விலையின்றி ஒப்படைக்க வேண்டும். எங்கள் இடம் நெடுங்காலம் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. பிறகு ஒருநாள் பொக்லைன் வந்தது. சுற்றுச்சுவர் எழுந்தது, பேவர் பிளாக் நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், கொரியன் புல், நடுவில் வண்ண விளக்குப் போட்ட நீரூற்று எல்லாம் வந்தன. நாதசுரம் முழங்கத் திறப்பு விழா நடந்தது. கல்வெட்டில் பதினோரு பெயர்கள் பொறித்தார்கள். தண்ணீர் ஊற்றப் போகிறவர் பெயர் அதில் இல்லை.

என் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியதுதான்.

ஒப்பந்தக்காரர் ஓராண்டு பராமரித்தார். ஓராண்டு முடிந்த மறுநாள் அவருடைய ஆள் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சித்திரையில் கொரியன் புல் கருகியது. மோட்டார் எரிந்தது. நீரூற்றுத் தொட்டியில் நின்ற மழைநீரில் கொசு பிறந்தது. வண்ண விளக்குகளைக் கழற்றிச் சென்றவர் யாரென்று ஊருக்கே தெரியும், சொல்லத்தான் ஆளில்லை. அந்த நிலையில்தான் எங்கள் சங்கம் கூடி, "நம் பூங்காவை நாமே பார்த்துக்கொள்வோம்" என்று தீர்மானம் போட்டது. கேட்பதற்கு எவ்வளவு இனிமையான தீர்மானம்! நானும் கைதட்டினேன்.

கணக்கு எளிமையானது. 140 வீடுகள், வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், ஆக 7,000 ரூபாய். அரை நாள் வேலைக்கு வரும் தோட்டக்காரப் பெரியவருக்கு 6,000 கொடுத்தால் மீதி 1,000 மின் கட்டணத்துக்கும் துடைப்பத்துக்கும் ஆகும். முதல் மாதம் 118 வீடுகள் கொடுத்தன. 5,900 ரூபாய் சேர்ந்தது. குறைந்த 100 ரூபாயோடு மற்றச் செலவையும் சங்கத் தலைவர் தம் கையிலிருந்து போட்டார். ஐந்தாம் மாதம் 61 வீடுகள். ஒன்பதாம் மாதம் 34 வீடுகள், 1,700 ரூபாய். பெரியவர் வாரம் இருமுறை வந்தார், பின்பு ஒருமுறை வந்தார், பின்பு வரவில்லை. அவர் மேல் குற்றமில்லை. அவருக்கும் அடுப்பு எரிய வேண்டுமே.

ஒவ்வொரு வாசலிலும் எனக்குக் கிடைத்த விடைகளை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "எங்கள் வீட்டில் பூங்காவுக்கு வருகிற வயதில் யாருமில்லை." "மாடியில் வாடகைக்கு இருக்கிறார்களே, அவர்களிடம் கேள்." "போன மாதம் கொடுத்ததற்கு என்ன செய்தீர்கள்?" "ஐந்நூறாய்த்தான் இருக்கிறது, சில்லறை இல்லை." கைப்பேசியில் அனுப்பலாமே என்று எண்ணை நீட்டினால், கைப்பேசி மாடியில் இருக்கும்.

எதிர் வரிசையில் இருந்த, ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் மட்டும் வேறு விதமாகப் பேசினார். உள்ளே போய்த் தம் வீட்டுவரி ரசீதைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். "தம்பி, இதிலே நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கிறான் பார். கேட்காமலே கட்டுகிறேன். பூங்கா வரி என்று ஒரு வரி போடச் சொல், முதல் ஆளாய்க் கட்டுகிறேன். உன் நோட்டிலே கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். ஐம்பது ரூபாய்க்கு இத்தனை வாதமா என்று மனத்துக்குள் அவரைக் கஞ்சன் என்று திட்டிவிட்டு வந்தேன். அந்தத் தெருவில் பொருளியல் பேசியவர் அவர் ஒருவரே என்பது இரண்டாம் ஆண்டு வகுப்பில்தான் எனக்கு விளங்கியது.

பொதுப் பண்டம் என்பதைச் சாமுவேல்சன் 1954-இல் வரையறுத்துக் காட்டியதை வகுப்பில் படித்திருக்கிறோம். ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பண்டம். பணம் தராதவரை விலக்கவும் இயலாத பண்டம். நிழலும் காற்றும் அப்படிப்பட்டவை. அவற்றுக்கு வீடு வீடாய்ப் பணம் கேட்டால், கொடாமலே பயன்பெறலாம் என்று அறிந்தவன் கொடுக்கமாட்டான். அவன் கெட்டவன் அல்லன், கணக்குத் தெரிந்தவன். முதல் மாதம் கொடுத்த 118 பேரில் 84 பேர் ஒன்பது மாதத்தில் கணக்குக் கற்றுக்கொண்டார்கள்.

கொடாதவரை விலக்க இயலாது என்று நூல் கூறுகிறது. எங்கள் சங்கம் அந்நூலைப் படிக்கவில்லை. விலக்கிக் காட்டியது. வாயிற்கதவுக்குப் பூட்டு வாங்கினார்கள்; "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று பலகை எழுதினார்கள்; சாவியை என்னிடம் கொடுத்தார்கள். மாலை ஐந்து மணிக்குத் திறந்து ஏழு மணிக்குப் பூட்ட வேண்டும். சந்தா கட்டியவர் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் விட வேண்டும். பதினெட்டு வயதில் கையில் சாவி கிடைத்தால் எவனுக்கும் நடை சற்று மாறும். எனக்கும் மாறியது என்பதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் நகருக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே மனைப்பிரிவும் இல்லை, பத்து சதவீதமும் இல்லை, பூங்காவும் இல்லை. அங்கிருந்து ஒரு சிறுவன் சுவரேறிக் குதித்தபோது கம்பியில் கையைக் கிழித்துக்கொண்டான். மறுநாள் மாலை அவனுடைய தாய் அவனைக் கையோடு அழைத்து வந்தாள். எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவள். என்னைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவள். "பணம் கட்டினாத்தான் உள்ளே விடுவீங்கன்னா எவ்வளவுன்னு சொல்லுங்க சார். கட்டுறேன்" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கவும் தொடங்கிவிட்டாள். அதுநாள் வரை என்னைத் தம்பி என்று அழைத்தவள் அன்று 'சார்' என்றாள். ரசீதுப் புத்தகம் என் கையில்தான் இருந்தது. எழுத முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். அந்த வாரமே சாவியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன்.

அந்த நிலம் எங்கள் சங்கத்துக்குச் சொந்தமா? இல்லை. தானப் பத்திரம் நகராட்சியின் பெயரில் இருக்கிறது. அதாவது ஊரின் பெயரில். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் அரசின் முன் அனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் அப்பகுதியில் வாழ்ந்த மக்களே. இடத்தைக் காக்கச் சட்டமும் தீர்ப்பும் உண்டு. மரமோ சட்டத்தைக் குடித்து வளர்வதில்லை.

இங்கே என் வகுப்பு நண்பர்கள் ஒரு மறுப்பைக் கூறுவார்கள். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி எலினோர் ஆஸ்ட்ரம், மக்கள் தாமே கூடிப் பொதுவளத்தைக் காக்க முடியும் என்று நிறுவவில்லையா? ஸ்விட்சர்லாந்தின் மலைப்புல்வெளியையும், ஜப்பானியக் கிராமங்களின் காடுகளையும், ஸ்பெயினின் வாலென்சியா வாய்க்கால்களையும் அவர் சான்று காட்டவில்லையா? காட்டினார். ஆனால் அங்கெல்லாம் உரிமையுடையவர் இன்னார் என்னும் எல்லை திட்டமாக உண்டு. புல்வெளியில் மாடு மேய்க்க உரிமையில்லாதவன் மாட்டை ஓட்டி வரக்கூடாது. அந்த எல்லையை ஊர்ப் பூங்காவில் வரைந்தால் அது பூட்டாகத்தான் முடியும் என்பதற்கு என் சாவியே சான்று. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது மற்றொன்று: கண்காணிப்பவர் பயன்படுத்துவோரிடமிருந்து வர வேண்டும், அவர்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஏரிகளில் மடை திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கு யார் சந்தா வசூலித்தார்கள்? அறுவடைக் களத்திலேயே அவர் பங்கு நெல் அளந்து கொடுக்கப்பட்டது. வீட்டுக்குப் போன நெல்லைக் கேட்டுக் கதவு தட்டவில்லை. களத்திலேயே அளப்பதற்கு இன்று நமக்குள்ள வழிதான் வீட்டுவரி. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோது இதைத்தான் செய்தார்கள்: சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்தார்கள். புத்தகமே தொடாதவனும் கட்டினான். அதனால் கட்ட இயலாதவன் பிள்ளை புத்தகம் படித்தான். வசூலான நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் நூலகங்களுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதாகச் செய்தித்தாள்களில் பலமுறை படித்திருக்கிறோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே பூங்காவுக்கென வரியில் ஒரு பங்கு வேண்டும் என்னும் நான், அந்தந்தப் பூங்காவின் ஆண்டு ஒதுக்கீடும் செலவும் தோட்டக்காரர் பெயரும் அதன் வாயிலிலேயே எழுதப்பட வேண்டும் என்றும் சேர்த்தே கேட்கிறேன். பதினோரு பெயர் பொறிக்க இடமிருந்த கல்லில் பன்னிரண்டாவதற்கு இடமிராதா?

இன்னொன்று. ஏழை வீட்டுத் திருமணத்துக்கு எதற்கு யானை? நீரூற்றும் கொரியன் புல்லும் நாள்தோறும் தண்ணீரும் மின்சாரமும் தின்பவை. வேம்பும் புங்கனும் பூவரசும் மகிழமும் முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிவிட்டால் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, அழகுக்கென நட்ட அயல்மரங்கள் பல மேலோட்டமான வேரோடு சாய்ந்து கிடந்த படங்களைப் பார்த்தோம். வேர் இறங்க வேண்டிய இடத்தில் சிமெண்டு போட்டுவிட்டுக் காற்றைக் குறைகூறிப் பயனென்ன? திட்டம் தீட்டுவோர் முதலில் ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவை எழுதட்டும். அதைத் தாங்க முடிந்த அளவுக்கே பூங்கா கட்டட்டும். இப்போது கட்டுமானத் தொகையை முதலில் எழுதுகிறார்கள். பராமரிப்பை எழுத வரும்போது பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது.

தமிழ்த்துறை நண்பர்கள் மரம் என்றவுடன் பாரியையும் முல்லையையும் எடுத்துக்கொண்டு மேடையேறுவார்கள். வள்ளலைக் குறைகூறும் துணிவு எனக்கில்லை. ஆனாலும் தேரை நிறுத்திவிட்டு அவன் அரண்மனைக்குப் போன பிறகு, மறு ஆண்டு அக்கொடிக்குப் பந்தல் திருத்தியவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு நற்றிணையில் வரும் புன்னையே பிடிக்கும். சிறுமியர் விளையாட்டாய் மணலில் மறைத்து மறந்த விதை முளைத்துவிட்டது. நட்டதில் யாருக்கும் பெருமையில்லை. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்ததால்தான் அம்மரம் அவ்வீட்டுப் பெண்ணுக்குத் தங்கை ஆயிற்று. நம் கல்லூரியில் ஆண்டுதோறும் மரம் நடுவிழா நடக்கிறது. பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்: சென்ற ஆண்டு நட்ட குழியிலேயேதான் இவ்வாண்டும் நட்டோம். குழி வெட்டும் வேலை மிச்சம்.

2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் கூடின. அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் இவ்வாண்டு நான் எழுந்து, எங்கள் பூங்காவுக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று கேட்டேன். எல்லாப் பூங்காக்களுக்கும் சேர்த்தே தொகை உண்டு, பூங்கா வாரியாகப் பிரித்தெழுதும் வழக்கமில்லை என்று விடை வந்தது. பிரித்தெழுத வேண்டுமென்று மனு எழுதினேன். முதல் கையெழுத்து அந்த ஓய்வுபெற்ற எழுத்தருடையது. இரண்டாவது, வாய்க்கால் கரைத் தாயின் கைநாட்டு.

பூங்காவின் பூட்டு துருப்பிடித்துத் தானே விழுந்துவிட்டது. உலர்ந்த நீரூற்றுத் தொட்டியில் எழுத்தர் மண் நிரப்பி, அடித்தளத்தை உடைக்கச் செய்து, ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறார். கையில் தழும்புள்ள சிறுவன் காலையில் ஒரு குடம் ஊற்றுகிறான். நான் மாலையில் ஒரு குடம் ஊற்றுகிறேன். மே மாதம் என்னாகும் என்று இருவருக்குமே கவலையுண்டு, நான் தேர்வு எழுதிவிட்டு வேலை தேடப் போய்விடுவேன். மனுவைப் பெற்றுக்கொண்டு அலுவலகத்தில் கொடுத்த எண்ணை என் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 34 வீடுகளின் கணக்குக்குக் கீழே குறித்து வைத்திருக்கிறேன்.