ஆலையும் ஆடுகளமும்

நுழையும்முன்

இந்திய ஆடவர் கால்பந்து அணியின் கோல் சுமையை ஏறத்தாழ இருபதாண்டுகள் ஒரே வீரர் சுமந்தார். அவருடைய பன்னாட்டு ஆட்ட வாழ்வு பெருமைக்குரியது. அவருக்குப்பின் அவ்விடத்தை நிரப்ப எவரும் எளிதில் கிடைக்கவில்லை என்பதோ கவலைக்குரியது. அத்தகைய வீரர்கள் எவ்வகை மண்ணில் முளைக்கிறார்கள் என்பதை ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

எல்லைக்கு அப்பால் ஓர் அரங்கு

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் அமைந்த நகரம் ஓசூர். 1970களில் இங்குச் சிப்காட் தொழில் வளாகம் உருவானபின், சிற்றூராக இருந்த இடம் ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் இயந்திர உதிரிப்பாகங்களும் செய்யப்படும் ஆலைநகராக வளர்ந்தது. 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019ஆம் ஆண்டு ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்நகரில், சூசூவாடியைக் கடந்தால் கருநாடக மாநிலத்து அத்திப்பள்ளி வந்துவிடும். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சென்றால் பெங்களூருவின் நடுவே ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கு.

அவ்வரங்கில் 2023 ஜூன் 21 அன்று, தெற்காசியக் கால்பந்துப் போட்டியில் இந்தியா பாகிஸ்தானை 4-0 என வென்றது. நான்கில் மூன்று கோல்களை அடித்தவர் அணித்தலைவர் சுனில் சேத்ரி. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஜூலை 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் குவைத்தைப் பெனால்டி முறையில் வென்று இந்தியா கோப்பையையும் பெற்றது.

ஒரு வீரரின் நெடும்பயணம்

சுனில் சேத்ரி 1984 ஆகஸ்டு 3 அன்று செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை இந்தியப் படைத்துறையில் பணியாற்றியவர். தாயும் கால்பந்து ஆடியவர். 2002ஆம் ஆண்டு கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்து அவர் தொழில்முறை வீரரானார். 2005 ஜூன் 12 அன்று பாகிஸ்தானின் குவெட்டா நகரில் நாட்டுக்காக முதன்முறையாகக் களமிறங்கினார். 1-1 எனச் சமனில் முடிந்த அவ்வாட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையதே.

அவருடைய பன்னாட்டு வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது 2008ஆம் ஆண்டு. தில்லியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்தார். இந்தியா 4-1 என வென்றது. அவ்வெற்றியால், 1984க்குப் பிறகு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி இந்தியாவுக்குக் கிட்டியது. 2019ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என வென்றபோதும் இரண்டு கோல்கள் சேத்ரியின் காலிலிருந்து பிறந்தன.

2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி அவர் ஓய்வு பெற்றார். அப்போது அவர் 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அடித்திருந்தார். பன்னாட்டு ஆட்டங்களில் மிகுதியான கோல்கள் அடித்த ஆடவர் வரிசையில் கிறிஸ்டியானோ ரொனால்டோ, லயோனல் மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகியோருக்கு அடுத்த இடம் அவருடையது. அர்ஜுனா, பத்மஸ்ரீ விருதுகளோடு 2021ஆம் ஆண்டு கேல் ரத்னா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வுயரிய விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் அவரே.

எதிரணியின் வலிமை

இப்பெருமையைக் குறைத்து மதிப்பிடுவோரும் உண்டு. சேத்ரியின் கோல்களில் பெரும்பகுதி நேபாளம், மாலத்தீவு, பாகிஸ்தான் போன்ற சிறிய அணிகளுக்கு எதிராக அடிக்கப்பட்டவை என்பது அவர்களின் வாதம். உலகக்கோப்பையில் ஒருமுறையும் ஆடாத ஒருவரை உலகப் புகழ் வீரர்களோடு எண்ணுதல் தகுமோ என்றும் அவர்கள் வினவுகின்றனர்.

அவர்கள் கூறும் செய்தியில் பிழையில்லை. அதிலிருந்து பெறும் முடிவில்தான் பிழை உள்ளது. எதிரணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்த வீரருக்கும் இல்லை. தம்மினும் உயரமான தற்காப்பு வீரர்களுக்கு இடையே, வலிமை குன்றிய ஓர் அணியின் முன்களத்தில், பந்து வருமோ வராதோ என்ற நிலையில் இருபதாண்டுகள் காத்து நின்று கோலடித்தல் எளிய செயலன்று. முதல் ஆட்டத்தில் இருபது வயதில் கோலடித்தவர் நாற்பது வயதிலும் அடித்தார் என்றால், அதன்பின் உள்ள உணவுக் கட்டுப்பாடும் உறக்க ஒழுங்கும் நாள்தோறும் தவறாத பயிற்சியும் எந்த அணிக்கு எதிராக ஆடினாலும் மாறாதவை.

வெற்றிடத்தின் அளவு

சேத்ரியின் அருமையை அவர் ஆடிய ஆட்டங்களைவிட, அவர் இல்லாத ஆட்டங்களே தெளிவாகக் காட்டின. 2024ஆம் ஆண்டு முழுவதும் இந்திய அணி ஓர் ஆட்டத்திலும் வெற்றி பெறவில்லை. கோலடிக்க ஆளின்றித் தவித்த அணி, ஓய்வு பெற்றவரையே மீண்டும் அழைத்தது. 2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஆடிய சேத்ரி தம் 95ஆவது கோலை அடித்தார். 2024-25 பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் 14 கோல்கள் அடித்து இந்திய வீரர்களுள் முதலிடம் பெற்றவரும் அவரே. ஆயினும் ஒருவர் மீள்வதால் மட்டும் ஓர் அணி எழுந்துவிடாது. 2027ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்கான தகுதியை இந்தியா இழந்தது.

நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் நாற்பது வயது வீரர் ஒருவரை விட்டால் கோலடிக்க ஆளில்லையா என்னும் கேள்வி இங்கு எழுகிறது. கழகங்கள் பலவும் முன்களத்தில் அயல்நாட்டு வீரர்களையே நிறுத்துவதால் இந்திய இளைஞர்களுக்கு அவ்விடத்தில் ஆடிப் பழகும் வாய்ப்புக் குறைவு என்பர் அறிந்தோர். அது கிளையில் காணும் குறை. வேரில் உள்ள குறை, பந்தை உதைக்க இடமில்லாமல் வளரும் குழந்தைப் பருவம் ஆகும்.

ஆலைகள் வளர்த்த ஆட்டம்

இந்தியக் கால்பந்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவ்விளையாட்டைப் பெருங்கழகங்களோடு தொழிலகங்களும் வளர்த்தன. சேத்ரி ஆடிய அணிகளின் வரிசையே இதற்குச் சான்று. மோகன் பகானுக்குப் பிறகு, 2005 முதல் 2008 வரை அவரை வளர்த்தெடுத்தது பஞ்சாப் மாநிலம் பக்வாராவின் ஜே.சி.டி. துணி ஆலை அணி. 1996-97இல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீக்கை வென்ற அணி அது. பின்னர் அவர் ஆடிய டெம்போ, கோவாவின் சுரங்கத்தொழில் நிறுவனத்தின் பெயர் தாங்கியது. 2013 முதல் அவருடைய இல்லமாக விளங்கும் பெங்களூரு அணியைத் தொடங்கியதும் ஓர் எஃகு நிறுவனக் குழுமமே. இடையே அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி அணியிலும் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் அணியிலும் சேர்ந்தார். ஆனால் அங்கு அவருக்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகச் சிலவே.

பெங்களூருவிலும் இம்மரபு உண்டு. இந்துஸ்தான் விமானத் தொழிலகம், இந்தியத் தொலைபேசித் தொழிலகம் ஆகியவை தொழிலாளர்களைக் கொண்டே அணிகளை நடத்தின. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் அந்நகரைச் சேர்ந்தவர். இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடிய ஆட்டம் அது. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் தெருமுனையில் பெலேவுக்குச் சிலை வைத்துக் கால்பந்தைக் கொண்டாடும் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். ஜார்க்கண்டின் ஜம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் 1987ஆம் ஆண்டு தொடங்கிய கால்பந்துப் பயிற்சிக்கழகம் நாட்டுக்குப் பல வீரர்களைத் தந்தது.

இம்மரபு இன்று மெலிந்துவிட்டது. ஜே.சி.டி. அணி 2011ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. ஆலைகள் பெருகும் காலத்தில் ஆலை அணிகள் அருகுகின்றன.

இரண்டு ஏக்கர் நிலம்

பன்னாட்டு ஆட்டத்துக்குரிய கால்பந்துத் திடலின் நீளம் 105 மீட்டர். அகலம் 68 மீட்டர். மொத்தப் பரப்பு 7,140 சதுர மீட்டர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பல நூறு ஏக்கரில் தொழில் வளாகங்கள் எழும் ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளிப் பகுதிகளில் இரண்டு ஏக்கர் என்பது ஊர்திகள் நிறுத்தும் இடத்தின் அளவே. தொழில் வளாகத்தின் வரைபடம் தீட்டும்போது சாலைக்கும் மின்நிலையத்துக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வாறே விளையாட்டுத் திடலுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கப்பட வேண்டும். நிலத்தின் விலை ஏறியபின் திடலுக்கு இடம் தேடுவது ஆகாத செயல்.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்குமேல் வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி ஆதாயத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊரக விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பயிற்சி அளிப்பது அப்பணிகளுள் ஒன்றாகச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளது.

"ஆட்டம் சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. சுழற்சி முறையில் இரவுப்பணி செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் தொழிலாளியின் அச்சத்தை எள்ளி நகையாடலாகாது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு 3 விழுக்காடு ஒதுக்கீடு அளிக்கிறது. இந்திய மகளிர் அணியின் நடுக்கள வீராங்கனையான கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே பன்னாட்டுக் களங்களில் ஆடியவர். 2018ஆம் ஆண்டு மணிப்பூரை வென்று தேசிய மகளிர் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது தமிழ்நாட்டு அணி. பெருநகரச் செல்வம் இல்லாத மாவட்டங்களிலிருந்தும் வீராங்கனைகள் எழ முடியும் என்பதைக் கடலூர் காட்டியது. கடலூரால் இயன்றது கிருஷ்ணகிரியால் இயலாததன்று.

திடலால் விளையும் நன்மை பதக்கங்களோடு முடிவதில்லை. ஓசூரின் ஆலைகளில் ஒடிசா, ஜார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களின் இளைஞர்களும் இளம்பெண்களும் வேலை செய்கின்றனர். விடுதியறைக்கும் வேலைத்தளத்துக்கும் இடையே கழியும் அவர்கள் வாழ்வில் உள்ளூராரோடு கலந்து பழக இடமில்லை. மொழி தெரியாத இருவர் ஒரே அணியில் ஆடும்போது பந்தே அவர்களுக்குப் பொதுமொழி ஆகும். நான்கு மொழிகள் வழங்கும் எல்லை நகருக்கு இதைவிடப் பொருத்தமான கூடம் வேறில்லை.

வெற்று இருக்கைகளும் வேண்டுகோளும்

2018 ஜூன் முதல் நாள் மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என வென்றது. சேத்ரி மூன்று கோல்கள் அடித்த அவ்வாட்டத்தைக் காண வந்தோர் 2,569 பேர் மட்டுமே. மறுநாள் அவர் காணொளி ஒன்றில் தோன்றி, தம் அணியைத் திட்டுவதற்காகவேனும் அரங்குக்கு வாருங்கள் என மக்களிடம் கைகூப்பி வேண்டினார். கென்யாவுக்கு எதிராக நடந்த அடுத்த ஆட்டம், அவருடைய நூறாவது பன்னாட்டு ஆட்டம், நிறைந்த அரங்கில் நடந்தது. ஒரு நாட்டின் அணித்தலைவர் இரந்து கேட்டபின்தான் மக்கள் வந்தனர்.

அரங்கு நிறைவது நன்று. ஆனால் அது போதாது. சிறுவயதில் பந்தை உதைத்துப் பழகாத சமூகம் பிறர் உதைப்பதைக் காணவும் நெடுநாள் வராது. விளையாட்டுப் பாடவேளை பிற பாடங்களுக்குக் கடனாகக் கொடுக்கப்படும் பள்ளிகளிலும், ஒரு திடலும் இல்லாத குடியிருப்புகளிலும் அடுத்த சேத்ரியைத் தேடுவது விதைக்காத வயலில் கதிர் தேடுவதற்கு ஒப்பாகும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் நிறைந்தது. ஊரைக் காத்து வீழ்ந்தவனின் பெயரையும் செயலையும் கல்லில் எழுதி நிறுத்திய முன்னோரின் மண் அது. வீழ்ந்த வீரருக்குக் கல் நட இடம் தந்த ஊர்கள், வளரும் வீரருக்குத் திடல் அமைக்கவும் இடம் தர வேண்டும். சேத்ரிக்குச் செய்யத்தக்க சிறப்பும் அதுவே. ஓசூரின் ஆலை மதிலை ஒட்டி அமையும் இரண்டு ஏக்கர் திடலில், பணிமுடித்து வரும் பெற்றோர் பார்த்திருக்க, நாட்டுக்குத் தேவையான அடுத்த முன்கள வீரரோ வீராங்கனையோ பந்தைத் தொடக் கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரிய விளையாட்டுத் திடல்களைக் கணக்கிட்டு, அவற்றின் இன்றைய நிலை குறித்து அறிக்கை எழுதுக.

2. 'தொழில் வளாகங்களில் விளையாட்டுத் திடல் கட்டாயம்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.